ஜூம் செய்யும்போது ஃபோகஸ் நழுவாமல் இருக்க

கச்சேரியில் பாடகரின் முகத்தை நெருக்கிக் காட்ட ஜூம் இன் செய்கிறீர்கள். முகம் மங்கிப்போய், பின்னால் தொங்கும் பேனரின் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. பெரும்பாலும் இது கேமராவின் கோளாறு அல்ல, வைடில் (ஜூம் முழுக்க விலகி, காட்சி அகலமாகத் தெரியும் நிலை) வைத்து ஃபோகஸ் பார்த்த கோளாறு. வைடில் முன்னும் பின்னும் பல மீட்டருக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். ஃபோகஸ் உண்மையில் எந்தத் தூரத்தில் நிற்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாது. டெலிக்கு, அதாவது ஜூமை முழுக்க நெருக்கிய நிலைக்குப் போனால் அந்தத் தெளிவு சாண் கணக்கில் சுருங்கிவிடும்.

ஆகவே முதலில் முழு டெலிக்குப் போங்கள். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள்; கச்சேரியில் அது முகத்தை விட்டுவிட்டு மைக்கையோ தாளம் போடும் கையையோ பிடித்துக்கொள்ளும். கண் இமையையோ மூக்குக்கண்ணாடி விளிம்பையோ பார்த்தபடி, கூர்மையான இடத்தைக் கொஞ்சம் தாண்டும்வரை ஃபோகஸ் ரிங்கைத் திருப்பி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பிறகு வேண்டிய ஃபிரேமுக்கு ஜூம் அவுட். பாடகர் இடம் மாறாதவரை ரிங்கைத் தொட வேண்டியதில்லை. நாட்டியம் என்றால் கதை வேறு: ஆடுபவர் 2 மீட்டர் முன்னால் வந்தாலே பழைய ஃபோகஸ் செல்லாது. பல கேமரா வைத்த நிகழ்ச்சியில், உங்கள் கேமராவின் டாலி விளக்கு (அதன் படம் அப்போது ஓடுகிறது என்று காட்டும் விளக்கு) அணைந்திருக்கும் சில நொடிகளில் டெலிக்குப் போய் ஃபோகஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

டெலியில் சரியாக வைத்தும் வைடுக்கு வந்ததும் படம் மங்கினால், அது பேக் ஃபோகஸ் பிசகு, அதாவது லென்ஸுக்கும் அதன் பின்னால் படம் விழும் இடத்துக்கும் உள்ள தூரம் சரியாக அமையாதது. லென்ஸ் கழற்றி மாட்டக்கூடிய கேமராக்களில்தான் இது அதிகம். டிவி கேமராக்களில் லென்ஸ் மாட்டும் பி4 மவுன்டில், லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து படம் விழும் இடம் 48 மில்லிமீட்டர் தள்ளி. ஐரிஸ் (லென்ஸில் ஒளி புகும் துவாரம்) நன்றாகத் திறந்திருக்கும்போது, இதில் ஒரு தலைமுடியின் தடிமன் அளவு வித்தியாசம் வந்தாலே வைடில் தெரியும். லென்ஸ் மாற்றினாலும், ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு வந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சரிசெய்ய, ஆரக்கால் போல கறுப்பு வெள்ளைக் கோடுகள் நடுவில் கூடும் ஸீமன்ஸ் ஸ்டார் சார்ட் ஒன்றை ஏ4 தாளில் அச்சிட்டு, 3 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். முதலில் வியூஃபைண்டரின் டயாப்டரை (உங்கள் பார்வைக்கு ஏற்பச் சரிசெய்யும் திருகி), திரையில் தெரியும் எழுத்துகள் கூர்மையாகும்வரை திருப்பிக்கொள்ளுங்கள். அது தப்பாக இருந்தால் மற்ற எல்லாமே தப்பாகும். படத்தை மேலும் பெரிதாக்கும் எக்ஸ்டெண்டர் விலகியிருக்க வேண்டும், மிக அருகில் எடுப்பதற்கான மேக்ரோ ரிங் தன் பூட்டில் இருக்க வேண்டும். ஐரிஸை மேனுவலில் முழுசாகத் திறங்கள். வெளிச்சம் கூடினால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள் அல்லது ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். ஐரிஸ் மூடியிருந்தால் பிசகு ஒளிந்துகொள்ளும்.

இப்போது முழு டெலியில் ஃபோகஸ் ரிங்கால் சார்ட்டின் நடுப்புள்ளியைக் கூர்மையாக்குங்கள். முழு வைடுக்கு வந்து, மவுன்டை ஒட்டியுள்ள பேக் ஃபோகஸ் ரிங்கின் திருகைத் தளர்த்தி, அந்த ரிங்கால் மட்டும் கூர்மையாக்குங்கள். மறுபடி டெலி, மறுபடி வைடு. இரண்டு மூன்று சுற்றில் இரண்டு முனையும் ஒத்துப்போகும். வைடில் ஃபோகஸ் ரிங்கைத் தொட்டுவிட்டால் எத்தனை சுற்று போனாலும் ஒத்துவராது. கடைசியில் திருகை இறுக்குங்கள். இறுக்கும்போதே ரிங் கொஞ்சம் நகர்வதுண்டு, அதனால் வைடில் இன்னொருமுறை பாருங்கள்.

லென்ஸ் நிரந்தரமாகப் பொருத்திய கேம்கார்டர்களில் இந்த ரிங் இருக்காது. ஜூமுக்கு ஏற்ப உள்ளேயிருக்கும் மோட்டார் ஃபோகஸை ஈடுகட்டும். வேகமாக ஜூம் செய்தால் அது பின்தங்கலாம், மெதுவாகச் செய்யுங்கள். இவற்றில் பலவும் வைடில் 1 சென்டிமீட்டர் நெருக்கத்தில்கூட ஃபோகஸ் ஆகும். டெலியில் 80 சென்டிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். மேசைமேல் இருக்கும் மோதிரத்தை ஜூம் செய்யும்போது மங்குவது இதனால்தான்.

ஸ்டில் கேமரா லென்ஸ்கள் பெரும்பாலும் ஜூம் செய்தாலே ஃபோகஸ் மாறும் வகை. பேக் ஃபோகஸ் அவற்றுக்கு மருந்தல்ல. ஷாட்டின் இரண்டு முனைக்கும் ரிங்கில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, ஜூமோடு சேர்த்துத் திருப்பலாம். ஆனால் ரிங் முடிவில்லாமல் சுற்றும் லென்ஸில் குறி நிலைக்காது. அப்போது ஜூமையே விட்டுவிடுங்கள். 4கே-யில் எடுத்து எடிட்டிங்கில் ஃபுல் ஹெச்டி அளவுக்கு நெருக்கினால், இரண்டு மடங்கு வரை தெளிவு குறையாது, ஃபோகஸும் இம்மி நகராது.