பழைய பொலிரோ, குவாலிஸ் சூடேறுகிறதா? ரேடியேட்டரை வீட்டு வாசலிலேயே சுத்தம் செய்யும் முறை

பதினைந்து வருடம் ஓடிய டீசல் வண்டியின் ரேடியேட்டர் மூடியை, இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும் காலை நேரத்தில் திறந்து பாருங்கள். உள்ளே டீக்கடை டிகாஷன் நிறத்தில் தண்ணீர் நின்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறையும்போதெல்லாம் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். சென்னையில் அது அனேகமாக போர் தண்ணீர். கீசர் காயிலில் வெள்ளைப் பொருக்காகப் படிகிற அதே உப்பு, இன்ஜின் பிளாக்கின் உள்சுவரிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் அந்தத் தண்ணீரில் குளோரைடும் சேர்ந்துகொள்ளும். அது இன்ஜின் பிளாக்கின் மேல் உட்காரும் அலுமினியம் ஹெட்டைப் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

கையை அழுக்காக்கும் முன், வண்டி எப்போது சூடேறுகிறது என்று கவனியுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். ஓ.எம்.ஆர் சிக்னலில் நிற்கும்போது சூடு காட்டும் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனில் கோளாறு. திண்டிவனம் பக்கம் 80, 90-ல் போகும்போது ஏறி, வேகம் குறைந்தால் இறங்கினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறந்துவிடும் வால்வு) முழுதாகத் திறக்கவில்லை. ஏ.சி. போட்டால் மட்டும் ஏறினால் முதலில் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சி, இலைச் சருகு, வெள்ளத்தில் ஓடிய வண்டியென்றால் காய்ந்த சேறு எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணத் தோட்டக் குழாயின் வேகத்தில் தண்ணீர் அடித்தால் போதும். பைக் கழுவும் பிரஷர் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் தகடுகள் மடிந்து, பிறகு காற்றே போகாது.

ஒரு நிலையில் மட்டும் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். காலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தவுடன் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போல வெளுத்திருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது சரியாகாது. ஹெட்டைக் கழற்றி ஃபேஸிங் பார்க்கும் (அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவும்) லேத்துக்குத்தான் போகவேண்டும்.

வேண்டிய பொருட்கள்: 300 கிராம் சிட்ரிக் ஆசிட் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும்), பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் 20 லிட்டர், கலக்காத கூலன்ட் கான்சன்ட்ரேட் 5 லிட்டர், புது தெர்மோஸ்டாட், அதன் கேஸ்கெட், புது ரேடியேட்டர் மூடி, நான்கைந்து ஹோஸ் கிளிப், இரண்டு வாளி. இந்த அளவு, மொத்தம் 10 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். கூலன்ட் வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். நிறம் வெறும் சாயம்தான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் ஜே.ஐ.எஸ். கே 2234 (ஜப்பானியத் தரம்) போன்ற தர எண் இருக்கிறதா, கையேடு சொல்லும் வகைதானா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட், மூடி இரண்டையும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளில் புதிதாகவே வாங்குங்கள். பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்கு பிராக்கெட், ஃபேன் கூண்டு மாதிரி பொருளுக்குப் போகலாம். ஸ்பிரிங் இருக்கிற எதையும் பழசு வாங்குவது வீண்.

ஆறிய இன்ஜினில், ரேடியேட்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து வாளியில் வடியுங்கள். பழைய பிளாஸ்டிக் திருகு உடையும் போலிருந்தால் வற்புறுத்தாமல் கீழ் ஹோஸைக் கழற்றிவிடுங்கள். 300 கிராம் ஆசிட்டை 2 லிட்டர் வெந்நீரில் கரைத்து ஊற்றி, மீதியைச் சாதாரணத் தண்ணீரால் நிரப்புங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். நம் ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, அதனால் அந்தக் குழாயில்தான் சேறு அதிகம். இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடானதிலிருந்து அரை மணி நேரம் ஐடிலில் வையுங்கள். பழைய தெர்மோஸ்டாட் இந்தக் கட்டத்துக்கு உள்ளேயே இருக்கட்டும். பிறகு ஆறவிட்டு வடியுங்கள். ஆசிட்டை ராத்திரி முழுக்க உள்ளே விட்டுவைத்தால் அலுமினியத்தையும் செம்பு ரேடியேட்டரின் ஈயப் பற்றையும் தின்றுவிடும். அடைப்பு அதிகமென்றால் இன்னொரு முறை செய்யலாமே தவிர, நேரத்தை நீட்டக் கூடாது.

தெளிந்த தண்ணீர் வரும்வரை மூன்று நான்கு முறை நிரப்பி, ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். கடைசி முறை மட்டும் டிஸ்டில்டு வாட்டர். இந்தச் சுத்தத்துக்குப் பிறகு புது லீக் தெரியலாம். ஆசிட் ஓட்டை போட்டதென்று பதற வேண்டாம், இதுவரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்த உப்புதான். லீக்குக்கு மஞ்சள் தூள் போடும் பழக்கம் டிரைவர்களிடம் உண்டு. ஊர் வந்து சேர உதவும்தான், ஆனால் ஹீட்டர் குழாயையும் சேர்த்தே அடைத்துவிடும்.

அடுத்து தெர்மோஸ்டாட். ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?’ என்று கழற்றி எறிகிற வழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. தப்பான வைத்தியம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு, பைபாஸ் வழியை மூடும் வேலையையும் செய்கிறது. அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் நேராக பம்புக்குத் திரும்பும், லோடில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சூடேறும். பைபாஸ் அப்படி இல்லாத இன்ஜினிலோ சூடே பிடிக்காமல் டீசல் அதிகம் குடித்து, தேய்மானமும் கூடும். புதியதைப் போடுமுன் அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சோதியுங்கள். மேலே பொறித்திருக்கும் எண், பொதுவாக 82 டிகிரி, வரும்போது வாய் பிளக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். பொருத்தும்போது ஸ்பிரிங் இன்ஜின் பக்கம் இருக்கட்டும். காற்று போகும் சின்னத் துளை இருந்தால் அது மேலே.

இனி ஊற்றும் கணக்கு. பலர் தவறுவது இங்கேதான். எவ்வளவு வடித்தாலும் பிளாக்கில் 3, 4 லிட்டர் தண்ணீர் தங்கிவிடும். பாதிப் பாதி கலந்த கூலன்ட்டை அதன்மேல் ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். அதனால் 10 லிட்டர் வண்டிக்கு முதலில் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றிவிட்டு, இடம் இருக்கும்வரை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். பனி இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதுதான்.

காற்றை வெளியேற்ற, முன்சக்கரங்களை வாசல் சரிவில் ஏற்றி மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். மூடி திறந்தபடி, ஹீட்டர் முழுச் சூட்டில், ஐடிலில் ஓடட்டும். மேல் ஹோஸை அவ்வப்போது கையுறையோடு பிசைந்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது ஊற்றுங்கள். குமிழி நின்றபின் புது மூடியைப் போடுங்கள். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பது அது தாங்கும் அழுத்தம், பார் என்ற அலகில். 0.9 பாரில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி அந்தப் பாதுகாப்பு முழுவதையும் பறித்துவிடும்.

விஸ்கஸ் ஃபேனையும் (நடுக்குமிழில் உள்ள சிலிக்கோன் எண்ணெயின் பிடிப்பால் சுற்றும் ஃபேன்) அதே நாளில் பார்த்துவிடலாம். நன்றாகச் சூடான இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றுங்கள். ஓரிரு சுற்றுக்குள் நிற்க வேண்டும். மின்விசிறி போல லேசாகச் சுற்றிக்கொண்டே போனாலோ, நடுக்குமிழில் எண்ணெய்க் கசிவு இருந்தாலோ, உள்ளே சிலிக்கோன் எண்ணெய் தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். ஓடும் ஃபேனில் செய்தித்தாளைச் சுருட்டி நுழைத்துப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டாம்.

சூடு முள்ளைப் பற்றி ஒன்று. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதியடையாதீர்கள். தண்ணீர் சென்சாருக்குக் கீழே இறங்கி, அது வெறும் ஆவியை அளக்கிறது என்று பொருள். உடனே ஓரங்கட்டி அணைத்துவிட்டு, மூடியைத் தொடாமல் ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். கொதிக்கும் பிளாக்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடும்.

முதல் மூன்று நாள் காலையிலும் மட்டத்தைப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹோஸ் கிளிப்புகளை ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். வடித்த கூலன்ட்டைத் தெருவில் கொட்ட வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிக் குடிக்கும், சிறிதளவே அவற்றைக் கொன்றுவிடும். பழைய கேனில் ஊற்றி மூடி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.