கடலோரத்தில் ஓடிய காருக்கு விலை பேசும் முன்
மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் ஓடிய பிரெஸ்ஸா, வென்யூ மாதிரி வண்டி என்றால் முதலில் குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். மீட்டரை அப்புறம் பார்க்கலாம். உப்புக்காற்று சைலன்சர், பிரேக் குழாய், கதவின் கீழ் விளிம்பு எல்லாவற்றையும் அரிக்கும். மேலோட்டமான துரு பரவாயில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்தும்போதே தகடு உள்வாங்கினால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம். அடியில் புதுக் கறுப்புப் பெயின்ட் தெரிந்தால், துருவை மறைக்க அடித்ததா என்று இன்னும் உற்றுப் பாருங்கள்.

சரி, அடிப்பாகம் தேறிவிட்டதா? அதே மாடல், அதே வருட வண்டி ராமநாதபுரத்திலும் மதுரையிலும் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். டயர், பேட்டரி, துரு வேலைக்கு ஆகும் செலவை உங்கள் மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, "அண்ணே, இவ்வளவு வேலை இருக்கு" என்று தாளைக் காட்டிக் குறைத்துக் கேளுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப்பணம் கொடுக்காதீர்கள்.