பழைய மாருதி 800-க்கு ஃபாக் லைட்: ரிலே வைத்து நாமே வயரிங் செய்வது எப்படி

ஆழியார் செக்போஸ்ட்டைத் தாண்டி வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு. அட்டகட்டி வரைக்கும் ஒன்றும் தெரியாது, கவர்க்கல் பக்கம் போனதும் வெள்ளை வேட்டியைக் கண்ணாடி மேல் போர்த்தியதுபோல் மூட்டம் இறங்கிவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆகஸ்ட் இரவில் அங்கேதான் என்னுடைய கார்புரேட்டர் 800-இல் டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசம் வந்தது. ஃபாக் லைட் சுவிட்சைத் தொட்டேன், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருந்தது, அணைக்கலாம் என்று அழுத்தினால் உருகி ஒட்டிக்கொண்டு அசையவே மாட்டேன் என்கிறது. கடைசியில் பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கித்தான் அணைத்தேன்.

வேலை செய்து கொடுத்த எலக்ட்ரீஷியன் மேல் அப்போது வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஹெட்லைட் வயரை நடுவில் உரித்து, அதிலிருந்து ஒரு ஜாயிண்ட் எடுத்து, நேராக ஒரு பத்து ரூபாய் சுவிட்ச் வழியாக இரண்டு லைட்டுக்கும் கொடுத்திருந்தார். ரிலே கிடையாது, தனி ஃபியூஸ் கிடையாது. இன்றைக்கும் பல கடைகளில் இப்படித்தான் செய்கிறார்கள், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் அல்லவா.

கணக்கு ரொம்பச் சுலபம். ஃபாக் லைட்டில் பெரும்பாலும் வருவது எச்3 பல்பு, ஒன்று 55 வாட். இரண்டும் சேர்ந்து 110 வாட், அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. ஹெட்லைட் டிம்மில் ஏற்கெனவே இன்னொரு 110 வாட் எரிகிறது. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது ஹெட்லைட்டுக்கு மட்டும் என்று போட்ட வயரில், அதுவும் இருபது வருடம் வெயிலும் எஞ்சின் சூடும் தின்ற வயரில், இரண்டு மடங்கு கரண்ட்டை இழுத்தால் வயர் சூடாகும், இணைப்பு கருகும், ஹெட்லைட்டும் மங்கும். ஹாலஜன் பல்புக்கு வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விடும். பழைய வண்டிக்காரர்கள் பலர் பல்பு சரியில்லை என்று 100 வாட் பல்பை மாட்டுவார்கள், வயர் இன்னும் சூடாகும், ரிஃப்ளெக்டர் வெந்துபோகும். பல்பை மாற்றுவதற்கு முன்னால் வயரைப் பாருங்கள்.

ரிலே என்பது வேறொன்றுமில்லை, சின்ன கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடுகிற ஒரு சுவிட்ச். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக 0.2 ஆம்பியர் அளவுக்குத்தான் போகும், அது ரிலேவுக்குள் இருக்கும் காயிலைக் காந்தமாக்கும், 'டிக்' என்று ஒரு சத்தம், உள்ளே இருக்கும் கனமான காண்டாக்ட் மூடி பேட்டரியிலிருந்து நேராக லைட்டுக்குக் கரண்ட் போகும்.

வாங்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே ஒன்று, கூடவே அதற்கான சாக்கெட், மழைக்கு மூடி போட்ட ஃபியூஸ் ஹோல்டர், 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் மூன்று (ஒன்று போட, இரண்டு கையிருப்பு), மெயின் லைனுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் ஐந்து மீட்டர், சுவிட்ச் லைனுக்கு 1 ஸ்கொயர் எம்எம் ஐந்து மீட்டர், திம்பிள் (வயர் முனையில் அழுத்தி மாட்டும் உலோகத் துண்டு), ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்), வயரை உள்ளே விட்டு மூடக் கருப்பு நெளிகுழாய், டேக் (வயரைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை). சென்னை என்றால் ஜி.பி. ரோட்டில் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும். வயரில் மட்டும் ஏமாறாதீர்கள். மேலே தடியாக ரப்பர், உள்ளே நாலே நாலு இழை என்று ஒரு சரக்கு ஓடுகிறது, முனையை உரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். ரெடிமேட் வயரிங் கிட் வாங்கினாலும் இதே சோதனைதான்.

லைட்டை எங்கே மாட்டுவது? ஹெட்லைட்டுக்குக் கீழே, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு. மூட்டத்தில் கண் கூசுவது ஏனென்றால், நம் லைட்டே நீர்த்துளியில் பட்டு நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. ஃபாக் லைட்டின் ஒளி மேல்பக்கம் வெட்டிவிட்டதுபோல் தட்டையாக, பக்கவாட்டில் அகலமாகப் பரவும். கண் இருக்கும் உயரத்துக்கு ரொம்பக் கீழே இருந்து அடிப்பதால் திரும்பி வரும் ஒளி குறையும், ரோட்டோரத்து வெள்ளைக் கோடும் தடுப்புச் சுவரும் தெரியும். மலையில் நமக்கு வேண்டியது அவ்வளவுதான். ரூஃப் மேல் நாலு லைட் வைத்தால் ஜோராக இருக்கும், மூட்டத்தில் ஒன்றுக்கும் உதவாது. அதற்காக ரொம்பவும் தொங்கவிட்டால் முதல் வேகத்தடையிலேயே போய்விடும்.

800-இன் பம்பர் பிளாஸ்டிக். லைட்டை அதில் நேராக முறுக்காதீர்கள், ஓடும்போது ஒளி நடுங்கிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் பிளாஸ்டிக்கும் விரிசல் விடும். பம்பருக்கு உள்ளே இருக்கும் இரும்பிலோ, சேஸிஸ் முனையிலோ ஒரு பட்டை பிராக்கெட் வைத்து அதில் மாட்டுங்கள். ரேடியேட்டருக்குக் காற்று வரும் வழியை மறைக்க வேண்டாம், மலையேற்றத்தில் வண்டி சூடாகிவிடும். லைட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும், அது கீழ்ப்பக்கம்தான் இருக்க வேண்டும். நிற்க வைக்கச் செய்த லைட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் துளை மேலே போய், ஒரே மழையில் உள்ளே மீன் வளர்க்கலாம்.

வயரில் கை வைக்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். முதலில் மைனஸ்தான். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் இடித்தால் தீப்பொறி பறக்கும், மைனஸைக் கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

இனி ரிலே. அடியில் 30, 85, 86, 87 என்று எண் அச்சடித்திருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து தடித்த வயர் ஃபியூஸ் ஹோல்டர் வழியாக 30-க்கு வர வேண்டும். 87-லிருந்து தடித்த வயர் புறப்பட்டு இரண்டாகப் பிரிந்து இரண்டு லைட்டுக்கும் போக வேண்டும். 86-க்கு சுவிட்ச்சிலிருந்து வரும் மெல்லிய வயர், 85 பாடி எர்த், அதாவது வண்டியின் தகர உடம்போடு சேரும் வயர். சில ரிலேயில் நடுவில் ஐந்தாவதாக 87ஏ என்று ஒன்று இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். ரிலே ஓய்வில் இருக்கும்போது 30-உம் 87ஏ-வும் ஒட்டிக்கொண்டிருக்கும், அவசரத்தில் லைட் வயரை அங்கே சொருகிவிட்டால் சுவிட்ச் போட்டால் அணையும், ஆஃப் செய்தால் எரியும். நானும் ஒருமுறை சொருகிவிட்டுப் பத்து நிமிடம் சுவிட்ச்சைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது பல்பை என்று பலரும் நினைக்கிறார்கள், அது வயருக்கான காவல். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே வயர் உரசி ஷார்ட் ஆனால் தடுக்க ஆளே கிடையாது. 10 ஆம்பியர் போதாதா என்றால், பல்புக்குள் இருக்கும் குளிர்ந்த இழை முதல் நொடியில் அதிகமாக இழுக்கும், 10 அடிக்கடி போகும். போகிறதே என்று 30 போட்டால் ஃபியூஸ் வைத்ததற்கே அர்த்தமில்லை.

ரிலேவை வைப்பர் மோட்டார் உயரத்தில், சைலன்சர் சூடு படாத இடத்தில், முனைகள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். லைட்டுக்குப் போகும் வயர் லைட்டுக்குள் நுழைவதற்கு முன் கொஞ்சம் தொங்கிவிட்டு மேலேறிப் போகட்டும், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

பழைய வண்டியில் பாதிக் கோளாறு எர்த்தில்தான், அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். பெயிண்ட் மேலேயே திம்பிளை வைத்து ஸ்க்ரூ முறுக்கினால் அன்றைக்கு எரியும், ஆறு மாதத்தில் மினுக் மினுக் என்று ஆகிவிடும். நான் செய்வது இப்படி: பாடியில் ஏற்கெனவே போல்ட் இருக்கும் ஓர் இடத்தைப் பிடித்து, ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்ப்பேன். முதலில் பெயிண்ட் போகும், அடியில் ஒரு சாம்பல் நிறப் பிரைமர் வரும், அங்கேயே நிறுத்திவிடக்கூடாது, தகரம் வெள்ளி மாதிரிப் பளிச்சென்று தெரியும் வரை தேய்க்க வேண்டும். பல் வைத்த வாஷர் போட்டு, திம்பிளை வைத்து இறுக்கிவிட்டு, அதன் மேல் வாஸ்லினைத் தாராளமாகப் பூசினால் துரு அண்டாது. இரண்டு லைட்டுக்கும் தனித்தனி எர்த் வயரும் 2.5-தான், பிராக்கெட் வழியாகவே எர்த் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

சுவிட்ச்சுக்கு கரண்ட் எங்கிருந்து? பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் ஃபாக் லைட் எரியும், காலையில் தள்ளு வண்டிதான். பார்க்கிங் லைட் லைனிலிருந்து எடுங்கள், பார்க்கிங் போட்டால்தான் ஃபாக் எரியும், அணைத்தால் அதுவும் அணையும். ரிலே காயில் இழுப்பது அற்பக் கரண்ட் என்பதால் அந்த லைனுக்குப் பாரமில்லை. எந்த வயர் என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், இத்தனை வருடத்தில் எத்தனை பேர் எந்த நிறத்தில் ஒட்டுப் போட்டார்களோ. பேட்டரியை மறுபடி மாட்டி, டெஸ்ட் லேம்ப்பின் (இரண்டு வயர் வைத்த சின்ன பல்பு) ஒரு முனையைப் பாடியில் மாட்டி, மறுமுனையால் தொட்டுப் பாருங்கள்: பார்க்கிங் போட்டால் எரிய வேண்டும், அணைத்தால் அணைய வேண்டும். வயரைக் கண்டுபிடித்ததும் மைனஸைத் திரும்பக் கழற்றிவிட்டு ஜாயிண்ட் போடுங்கள்.

எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வயர் கொண்டுவருவதுதான் பொறுமையைச் சோதிக்கும். புதிதாகத் துளை போடாதீர்கள், ஏற்கெனவே வயர்க் கட்டு போகும் ரப்பர் வளையம் இருக்கும், அதிலேயே ஓரமாக விடலாம். துடைப்பத்திலிருந்து ஒரு முரட்டு ஈர்க்குச்சியை உருவி, வயர் முனையை டேப் போட்டு அதோடு ஒட்டி, எஞ்சின் பக்கத்திலிருந்து நுழைத்தால் பெடல் மேலே எட்டிப் பார்க்கும். ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருந்தால் அந்த இடத்தில் வயரைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கட்டுங்கள், தகர விளிம்பு கத்தி மாதிரி.

இணைப்புகளுக்குச் சால்டரா (ஈயத்தை உருக்கி ஒட்டுவது) கிரிம்ப்பா (திம்பிளை வயர் மேல் அழுத்தி இறுக்குவது) என்று கேட்டால், ஓடும் வண்டிக்கு நான் கிரிம்ப் பக்கம். சால்டர் ஏறிய இடத்தில் வயர் கம்பி போல விறைத்துவிடும், அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும். திம்பிளை அதற்குரிய கிரிம்ப்பிங் பிளேயரால் அழுத்தி, இழுத்துப் பார்த்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் எஞ்சின் சூட்டில் பசை உருகி வழிந்துவிடும்.

பல்பு மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது, விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

இணைத்து முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு மல்டிமீட்டரால் பேட்டரியில் ஒருமுறை, லைட் எரியும்போது லைட்டின் இரண்டு முனையிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் என்றால் நல்ல வேலை. என் வண்டியில் பழைய வயரிங்கில் பேட்டரியில் 13.8, லைட்டில் 11.6 வந்தது. மாற்றிய பிறகு 13.4. அதே பல்பு, அதே லைட்.

ஐடிலில் நிற்கும்போது ஹெட்லைட், ஃபாக், புளோயர், வைப்பர் எல்லாம் போட்டால் பழைய ஆல்டர்னேட்டர் திணறும், லைட் கொஞ்சம் மங்குவது சகஜம். டைனமோ வைத்த பழைய அம்பாசடர் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும், அவற்றில் பல 22 ஆம்பியர் டைனமோ, ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. அவர்களுக்கு 55 வாட்டுக்குப் பதில் 35 வாட் பல்பு, அல்லது நல்ல எல்இடி ஃபாக் லைட். எல்இடி என்றதும் ரோட்டோரத்தில் விற்கும் வெள்ளைப் பட்டைகளை வாங்கிவிடாதீர்கள், அவற்றில் மேல் வெட்டு என்பதே கிடையாது, எதிரில் வரும் பஸ் டிரைவர் சபிப்பார். மஞ்சளா வெள்ளையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, மூட்டத்துளியின் அளவுக்கு நிறம் பெரிய வித்தியாசம் செய்வதில்லை, ஆனால் மஞ்சள் கண்ணுக்கு இதம் என்பதால் நான் மஞ்சள்.

கடைசியாக மட்டம் பார்ப்பது. சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, டயரில் காற்று சரியாக இருக்க, ஓட்டுகிற சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். லைட்டின் நடு உயரத்தைத் தரையிலிருந்து அளந்து சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு 4 அங்குலம் கீழே இன்னொரு கோடு. ஒளியின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். பிறகு போல்ட்டை இறுக்கும்போது லைட் லேசாகத் திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பின் மறுபடி பாருங்கள்.

மூட்டத்தில் டிம்மும் ஃபாக்கும் போதும், பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஹசார்டு போட்டுக்கொண்டே ஓட்டும் பழக்கத்தையும் விடுங்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. மூட்டம் விலகியதும் ஃபாக்கை அணையுங்கள். முதல் மலைப் பயணம் போய்வந்த மறுநாள் பிராக்கெட் போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கிவிட்டு, ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள், சூடு இருந்தால் உள்ளே திம்பிள் லூஸ்.