வலப்பக்கம் மட்டும் பால் குறைந்த கதை

பாப்பாவுக்கு 7 வாரம். இடப்பக்கம் பால் கட்டி நைட்டி நனையும். வலப்பக்கம் பம்ப் வைத்தால் 20 மில்லிகூடத் தேறாது. போட்டாலே வீறிட்டு அழுவாள். அம்மா பூண்டும் சுறாப்புட்டுமாகக் கொடுத்ததில் இடப்பக்கம்தான் இன்னும் பொங்கியது! கனக்கிறதே என்று அதையே முழுக்கக் கறந்தேன். அதுவும் தப்பு, கறக்கக் கறக்கச் சுரக்கும்.

போனில் படங்களைப் பார்க்கையில்தான் பட்டது: எல்லாவற்றிலும் அவள் தலை வலதுபுறமே திரும்பியிருந்தது. டாக்டர் பார்த்து, கழுத்துத் தசை இறுக்கம் என்றார்; பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வலப்பக்கம் மடியில் குறுக்கே போடாமல், கால் என் முதுகுப்பக்கம் போக அக்குளுக்கடியில் இடுக்கிப் பிடித்தேன். கழுத்தை இடதுபுறம் திருப்ப வேண்டியதில்லை, உடனே கவ்விக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் வலதில் தொடங்கி, பிறகு 10 நிமிடம் பம்ப். இடதில் கனம் குறையும் அளவுக்கு மட்டும். இரண்டு வாரத்தில் வலப்பக்கம் 50 மில்லி. இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் பெரிதுதான், இருக்கட்டும்.