வாரம் எத்தனை மெயில்? புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

சிறு கடைகளுக்காக ஆஃபர் மெயில் அனுப்புவது என் வேலை. எழுத்துப்பிழை, திறக்காத லிங்க் போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள். ஆனால் நான் பட்டு அனுபவித்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

மாதக்கணக்கில் மௌனம், பண்டிகை வந்தால் தினமும்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு கைத்தறிச் சேலைக் கடையின் லிஸ்டில் சுமார் 9,000 முகவரிகள். ஆடித் தள்ளுபடிக்கு அப்புறம் ஒரு மெயில்கூடப் போகவில்லை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மொத்த லிஸ்டுக்கும் தினம் ஒன்று என்று தொடங்கினோம். முதல் இரண்டு நாள் ஆர்டர் குவிந்தது. "நல்லா போகுது சார், நிறுத்தாதீங்க" என்றார் கடைக்காரர். நானும் நிறுத்தவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு அம்மா போன் செய்தார். "பணம் போயிடுச்சு, ஆர்டர் மெயிலே வரலையே?" தேடிப் பார்க்கச் சொன்னோம். ஸ்பேமில் கிடந்தது. ஆஃபர் மெயிலும் ஆர்டர் மெயிலும் ஒரே டொமைனிலிருந்து (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) போனதால், ஒன்றுக்கு வந்த கெட்ட பெயர் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டது.

மூன்று மாதம் சத்தமே இல்லாத கடையை ஆட்கள் மறந்துவிடுவார்கள். மறந்த பெயரில் தினமும் மெயில் வந்தால், இனி மெயில் வேண்டாம் என்று விலகும் அன்சப்ஸ்கிரைப் லிங்க் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஸ்பேம் பொத்தானை அமுக்கிவிடுவார்கள். ஜிமெயிலுக்கு மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து விதி கடுமை. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழே இருந்தால் நல்லது. 0.3 என்றால் ஆயிரத்துக்கு வெறும் மூன்று பேர்! கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற தளத்தில் அந்தக் கணக்கு இலவசமாகவே கிடைக்கிறது. அந்தப் போன் வரும்வரை நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆர்டர் மெயிலைத் தனி சப்டொமைனுக்கு (அதே டொமைனின் கீழ் இன்னொரு பெயர்) மாற்றினோம். கடைசி 30 நாளில் கிளிக் செய்தவர்களுக்கு மட்டும் வாரம் ஒன்று அனுப்பினோம். பழைய நிலைக்குத் திரும்பப் பொங்கல் ஆகிவிட்டது.

பண்டிகைக்குக் கூடுதலாக அனுப்புவது தவறில்லை. ஆனால் ஆவணியிலேயே வாரம் ஒன்று என்று ஆரம்பியுங்கள். ஐப்பசி பிறந்ததும் இரண்டாக்குங்கள். கடைசி வாரம் மூன்று போதும், அதுவும் சமீபத்தில் கிளிக் செய்தவர்களுக்கு மட்டும். "தீபாவளி மெயில் மட்டும் வேண்டாம்" என்று ஒரு லிங்க்கும் வையுங்கள்.

ஓப்பன் ரேட்டை நம்பி எண்ணிக்கையைக் கூட்டுவது

ஓப்பன் ரேட் என்பது எத்தனை சதவீதம் பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற கணக்கு; மெயிலுக்குள் இருக்கும் படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எடுக்கிறார்கள். 2021 செப்டம்பரில் ஐபோனுக்கு ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, தனியுரிமைப் பாதுகாப்பை ஆன் செய்தவர்களுக்கு ஆப்பிள் மெயில் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. படிக்காத மெயிலும் படித்ததாகக் கணக்கில் ஏறும். கிளிக்கையும் ஆர்டரையும் பாருங்கள்.

அன்சப்ஸ்கிரைப் லிங்க்கை ஒளித்து வைப்பது

வேண்டவே வேண்டாம்.

சேரும்போது சொன்னதை மீறுவது

"மாதம் இருமுறை" என்றால் இருமுறைதான்.

சொல்ல விஷயம் இல்லாத வாரத்திலும் ஆஃபர் தேடுவது

அந்தச் சேலைக் கடைக்கு ஒரு வாரம் தறியிலிருந்து புதுச் சரக்கு வரவில்லை. பருத்திச் சேலையை முதல் தடவை எப்படி அலச வேண்டும் என்று நாலு வரி மட்டும் அனுப்பினோம். "கல்லுப்பு போடலாமா?", "சிவப்பு சாயம் இறங்குமா?" என்று அன்று சாயங்காலமே பதில்கள் வர ஆரம்பித்தன. கடைக்காரரே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார்.