புரொப்பேன் வெடித்துக் காயம்பட்டால் நஷ்டஈடு கேட்பது எப்படி

சிலிண்டரில் வரும் புரொப்பேன் கேஸ் வெடித்துக் காயம்பட்ட வீட்டில் கொஞ்சம் நிதானம் வந்ததும் எழும் கேள்வி, யார் மேல் வழக்குப் போடலாம் என்பது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. உருகிய ரெகுலேட்டர், கருகிய குழாய், காலி மாதிரி கிடக்கும் சிலிண்டர், இதில் எதையும் யாரும் எடுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கே அந்தக் குப்பைக்குள்தான் இருக்கிறது.

ஏன் என்று புரிய இந்த வாயுவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்திலும் நிலவறையிலும் தேங்கும், அதனால் மேல் ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு "காற்றோட்டம் இருக்கே" என்று நம்பக்கூடாது. திரவமாக 1 லிட்டர் கசிந்தால் சுமார் 270 லிட்டர் வாயுவாக விரிகிறது. காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே தீப்பிடிக்கும், ஒரு சுவிட்ச் தட்டும் பொறி போதும்.

புரொப்பேனுக்குச் சொந்த வாசனை கிடையாது. நம் மூக்கில் ஏறும் அந்த நாற்றம், கசிவு தெரியட்டும் என்று சேர்க்கிற எத்தில் மெர்காப்டன். புதுத் தொட்டியின் உள்சுவரும் துருவும் அதை உறிஞ்சிவிடலாம், மண்ணுக்கடியில் கசியும் வாயுவிலிருந்து மண்ணும் உறிஞ்சிவிடலாம். வயதானவர்களுக்கு மோப்பம் குறைவு, யாராக இருந்தாலும் அதே இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு மரத்துவிடும். "நாற்றமே வரலையே" என்று காயம்பட்டவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. சிலிண்டரில் மிச்சமிருக்கும் வாயுவை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் அதில் வாசனைப்பொருள் போதுமான அளவு இருந்ததா என்று பார்க்கலாம், ஆனால் நாளாக ஆக அது குறையக்கூடும், அதனால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடக்கூடாது.

இனி வெடித்த பிறகு. முதலில் உயிர். தீக்காயத்தில் ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் விடுங்கள், ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். மூடிய அறைக்குள் வெடித்திருந்தால் வெளியே பெரிய காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள், செவிப்பறையும் நுரையீரலும் அடிபட்டிருக்கலாம். அந்த முதல் நாள் மருத்துவப் பதிவு பின்னால் வழக்குக்கும் ஆதாரம்.

தீயணைப்புத் துறை இடத்தை ஒப்படைத்ததும் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், வால்வு எந்த நிலையில் இருந்தது என்பது உட்பட. எதையும் கழற்றாதீர்கள், துடைக்காதீர்கள். கேஸ் விற்றவர் "பழுதான சிலிண்டரை மாற்றித் தருகிறோம்" என்று கருணையோடு வந்து நிற்கலாம், கொடுக்காதீர்கள். எந்தப் பொருளையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்று சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் வக்கீல் மூலம் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பிரித்துச் சோதிப்பதாக இருந்தால் இரு தரப்பு நிபுணர்களும் இருக்கும்போதுதான். இல்லையென்றால் நீங்கள்தான் அதைக் கெடுத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும், கோர்ட்டில் அது எடுபடவும் செய்யும்.

யார் பொறுப்பு என்பது காரணத்தைப் பொறுத்தது. சிலிண்டரில் 80 சதவீதம்தான் திரவம் நிரப்ப வேண்டும், மீதி இடம் வெயிலில் விரிவதற்கு. அதற்கு மேல் நிரப்பியிருந்தால் நிரப்பியவர். ரெகுலேட்டரோ வால்வோ குறையோடு வந்திருந்தால் தயாரித்தவரும் விற்றவரும். கசிவு சோதிக்காமல் இணைப்புக் கொடுத்திருந்தால் அந்த மெக்கானிக். பழைய அடுப்பை மாற்றச் சொல்லியும் மாற்றாத, வாடகைக்கு விட்ட வீட்டின் சொந்தக்காரர்கூட மாட்டலாம். வேலையிடத்தில் நடந்தால் முதலாளியின் காப்பீட்டோடு நின்றுவிடாமல், கருவி செய்த நிறுவனம் மேல் தனியாக வழக்கு உண்டா என்று கேளுங்கள். உங்கள் மேலும் கொஞ்சம் தவறு இருந்தால் பல நாடுகளில் தொகைதான் குறையும், உரிமை போகாது. சில இடங்களில் மொத்தமாகவே போகும், அதனால் அனுமானமாக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எதிர்த்தரப்பின் காப்பீட்டு நிறுவனம் சீக்கிரமே போன் செய்து, நடந்ததைச் சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறோம் என்று கேட்கலாம். வக்கீலைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்று சொன்னால் போதும்.

வக்கீலிடம் நேரடியாகக் கேளுங்கள்: கேஸ் அல்லது தீ விபத்து வழக்கு நடத்தியிருக்கிறாரா, நிபுணருக்கான செலவை யார் ஏற்பது, தோற்றால் நான் என்ன தர வேண்டும். ஜெயித்தால் மட்டும் சதவீதக் கட்டணம் என்பது சில நாடுகளில் வழக்கம், சில நாடுகளில் சட்டமே அனுமதிப்பதில்லை. வழக்குப் போடக் காலவரம்பும் உண்டு, ஓர் ஆண்டுக்குள் முடியும் இடங்கள்கூட இருக்கின்றன, அரசு அமைப்பு சம்பந்தப்பட்டால் இன்னும் குறுகலாம்.

தொகை பேசும்போது இதுவரை கட்டிய பில்லோடு நிறுத்தாதீர்கள். தீக்காயத் தழும்பு இறுகி மூட்டை மடக்க முடியாமல் செய்யும், வளரும் குழந்தைக்கு அதே இடத்தில் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இனி என்னென்ன சிகிச்சை, எத்தனை வருடத்துக்கு, தோராயமாக எவ்வளவு ஆகும் என்று சர்ஜனிடம் எழுத்தில் வாங்குங்கள், அது கைக்கு வரும்வரை சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.