காலம் செய்ததை ஓவியர் தலையில் கட்டாதீர்கள்

தனுஷ்கோடி மணலில் பலகையோடு உட்காரும் புதியவர்களைப் பார்த்தால், பழைய சறுக்கல்கள் அப்படியே திரும்ப வருகின்றன. பென்சிலை அழுத்துவது, பிரஷ் கழுவிய தண்ணீரை மாற்றாதது எல்லாம் ஒரு மாதத்தில் தானே சரியாகிவிடும். பிடித்த ஓவியரைப் பின்பற்றும்போது வரும் தவறுகள்தான் அவ்வளவு லேசில் போகாதவை.

மங்கிய நிறத்தைப் பாணி என்று நம்புவது

வான்கோவைப் பிடித்தவர்கள் அவருடைய 'படுக்கையறை' (1888) சுவருக்கு எடுத்ததும் வெளிர் நீலம் கலக்கிறார்கள். அவரோ தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் சுவர் வெளிர் ஊதா என்கிறார். ஊதாவில் இருந்த சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது, மிஞ்சியது நீலம். கட்டிலின் மஞ்சளுக்கு நேர் எதிர் நிறம் ஊதா. படத்தின் கணக்கே அந்த ஜோடிதான். நீலம் போட்டால் கணக்கு போச்சு.

ரவி வர்மாவுக்கும் இதே கதி. பூஜையறை லட்சுமி படம் 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் வழிவந்த கல்லச்சு; நிறத்துக்கு ஒரு கல் என்று அடுக்கி அடித்தது, அவர் பிரஷ் பட்டதல்ல. மேல்பூச்சு பழுத்து மஞ்சளானதைப் பார்த்துவிட்டு, முகத்துக்கெல்லாம் காவி கலந்து 'ரவி வர்மா டோன்' என்கிறார்கள். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களைப் போனில் பிடித்து வந்து, சுவரின் கறையையும் சேர்த்துப் பழுப்பு வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய நிறப்பூச்சு) அடிப்பது இன்னொன்று. அங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது உருவத்தைக் கட்டி நிறுத்தும் கறுப்புக் கோடும், பின்னால் தட்டையாக விரியும் சிவப்பும். வெள்ளை அட்டையில் 2 செ.மீ. சதுர ஓட்டை வெட்டிப் படத்தின் பிரதிமேல் நகர்த்துங்கள். அதிகம் உதிராத, கறை படாத இடத்தில் நிறுத்தி நிறத்தைத் தனியாகப் பாருங்கள். சட்டம் போட்ட பழைய ஓவியம் என்றால் சட்டத்துக்கு அடியில் மறைந்த விளிம்பில்தான் முதல் நிறம் தங்கியிருக்கும்.

காசு போவது இதற்கு அப்புறம். வெளுக்கும் நிறம் நம் டியூபிலும் உண்டு. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு, நிறமி எண் பி.ஆர். 83, வாட்டர்கலரில் மெல்லிய வாஷாக இருந்தால் சீக்கிரம் போய்விடும். அக்னி தீர்த்த விடியலை அதில் தீட்டி விற்றால், வெயில் விழும் சுவரில் மாட்டியவர் சாம்பல் வானத்தோடு திரும்பி வருவார். டியூபின் முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்னால் நிறமி எண்ணைப் படியுங்கள், பி.வி. 19 என்றிருந்தால் தாங்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பட்டை தீட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் 3 மாதம் வையுங்கள். பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டர்னர் மூட்டத்தை நண்பகலில் போடுவது

தனுஷ்கோடியில் 11 மணிக்கு நிழல் கத்தி மாதிரி விழும். மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அங்கே ஆங்கில ஓவியர் டர்னரின் மூட்டம் எங்கிருந்து வரும்? டர்னர்தான் வேண்டுமென்றால் விடியும் நேரத்தில் பாம்பனுக்குப் போங்கள். அவருடைய 'டெமரேர்' (1839) படத்தில் வலப்பக்கம் சூரியனின் சூடு, இடப்பக்கம் கப்பலைச் சுற்றிக் குளிர்ந்த நீலம். கற்க வேண்டியது அந்தப் பிரிப்பை. மூட்டத்தை அல்ல.

இரண்டு கடலுக்கும் ஒரே நீலம்

பாக் நீரிணைப் பக்கத்துப் பெண்கடல் வேறு, மன்னார் வளைகுடாப் பக்கத்து ஆண்கடல் வேறு. மீனவரைக் கேளுங்கள்.

ஒரே நேரத்தில் ஆறு ஓவியர்கள்

பின்பற்ற ஒருவர் போதும்.

கடல் தண்ணீரில் பிரஷ் நனைப்பது

உப்பு ஈரத்தை இழுக்கும். காய்ந்தது போல இருந்த வாஷ் மழைக்காலத்தில் மறுபடி பிசுபிசுக்கும். வீட்டிலிருந்து 2 லிட்டர் நல்ல தண்ணீர் கொண்டு போங்கள்.